பெயரும் பதிவும்: மத்தியகால இங்கிலாந்தின் ஆவணங்களிற் பெண்கள்

1

ஒருவருடைய பெயர் அவருக்கே உரியது என்பது பொதுவான எண்ணம். ஆயினும் வரலாற்று ஆவணங்களில் நாம் காணும் பெயர்கள் பெரும்பாலும் அவற்றிற்குரியோர் தாமே எழுதிவைத்தவை அல்ல. வரி வாங்குவோரும், தண்டம் விதிப்போரும், நிலத்தை அளப்போரும், அவர்களுக்காக ஏடெழுதிய எழுத்தரும் தத்தம் தேவை நோக்கிப் பதிந்துகொண்டவை அவை. எனவே, பதிவேட்டிலுள்ள பெயர் ஒரு மொழிக்கூறாக இருக்கும் அதேவேளையில், அதிகாரத்துக்கும் அதற்குட்பட்டோருக்கும் இடையிலுள்ள உறவின் வெளிப்பாடாகவும் அமைகின்றது. பெயராய்வு இவ்விரண்டாவது பரிமாணத்தை நீண்டகாலம் போதிய அளவு கவனத்திற்கொள்ளவில்லை.

மத்தியகால இங்கிலாந்தில் வாழ்ந்த பெண்களின் பெயர்கள் இவ்வகையிற் சிறப்பாக நோக்கத்தக்கவை. இக்கட்டுரையில் இயற்பெயர் என்பது ஞானஸ்நானத்தின்போது இடப்பட்ட பெயரையும், அடைபெயர் என்பது ஒருவரைப் பிறரிலிருந்து வேறுபடுத்தும்பொருட்டு அதனோடு சேர்க்கப்பட்ட பெயரையும் குறிக்கும். அடைபெயர் தலைமுறை தோறும் மாறக்கூடியது. அது பரம்பரையாக நிலைபெறும்போதே குடும்பப்பெயராகின்றது. இம்மாற்றம் இங்கிலாந்தின் உயர்குடியினரிடையே 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளிலும், தென்பகுதிக் குடியானவரிடையே பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவிலும், வடபகுதியில் அதற்கும் பிந்தியும் நிகழ்ந்தது.

இந்நீண்ட காலப்பகுதியில் ஆணின் அடைபெயரும் பெண்ணின் அடைபெயரும் ஒரே திசையிற் செல்லவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. ஆணைச் சுட்டும் பதிவு உற்பத்தியில் அவனுக்குரிய இடத்தை நோக்கி நகர்ந்தது. பெண்ணைச் சுட்டும் பதிவோ அவள் செய்த தொழிலிலிருந்து விலகி, குடும்பத்தில் அவள் யாருக்கு உரியவள் என்பதை நோக்கி நகர்ந்தது. இதற்கான காரணத்தை மொழியின் இயல்பில் மாத்திரம் தேடுவதாற் பயனில்லை.

2

நோர்மானியப் படையெடுப்புக்கு முற்பட்ட ஆங்கிலேயப் பெண்பெயர்கள் பெரும்பாலும் இரு சொற்கள் இணைந்து உருவானவை. 'கொட்கிவு' என்பது கடவுளின் கொடை எனப் பொருள்படும். கொவன்றி நகரோடு தொடர்புறுத்திப் பிற்காலக் கதை வளர்த்த கொடைவா சீமாட்டியின் பெயர் இதுவே. பெண்பெயர்களில் 'ஹில்ட்' போன்ற போரைக் குறிக்கும் சொற்களும், வலிமை, அரண் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும் இடம்பெற்றன. ஒரு குடும்பத்தின் பெயர்க்கூறுகளை மாற்றி மாற்றி இணைத்துப் புதிய பெயர்களை ஆக்கிக்கொள்ளும் முறை வழக்கிலிருந்தமையால், ஒருவருக்கு ஒரு பெயரே பெரும்பாலும் போதியதாயிற்று.

இரு அரசியரின் பெயர்மாற்றங்கள் 1066இன் தாக்கத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1002இல் இங்கிலாந்து மன்னன் எதெல்றெட்டை மணந்த நோர்மண்டி இளவரசி எம்மா, 'எல்ஃப்கிவு' என்ற ஆங்கிலப் பெயரை ஏற்றாள். 1100இல் முதலாம் ஹென்றியை மணந்த, ஆங்கிலேய அரசமரபில் வந்த ஈடித், 'மற்றில்டா' என்ற பெயரை ஏற்றாள். ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் ஆளும் வர்க்கத்தின் மொழி மாறிவிட்டது. இரு சந்தர்ப்பங்களிலும் மணமகளின் பெயரே மாற்றத்துக்குள்ளாயிற்று. அரச தம்பதியினரை ஏளனஞ்செய்ய விரும்பிய நோர்மானியப் பிரபுக்கள் அவர்களைக் 'கொட்றிக்', 'கொட்கிவு' என்று அழைத்தனர் என மாம்ஸ்பரி வில்லியம் கூறுகின்றார். நேற்றுவரை மதிப்புக்குரியனவாயிருந்த பெயர்கள் தோற்றவரின் பெயர்களாகி நகைப்புக்கிடமாயின.

இம்மாற்றம் பொதுமக்களிடையே எவ்வாறு பரவியது என்பதைச் சிசிலி கிளார்க் 1978இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். ஆண்பெயர்கள் விரைவாக நோர்மானியமயமாக, பெண்பெயர்கள் சற்றுப் பிந்தியே மாறின என்பதை அவர் சுட்டிக்காட்டினார். வந்து குடியேறிய நோர்மானியருள் பெண்கள் சிலரே இருந்திருத்தல் வேண்டும் என்பது அவர் இதிலிருந்து பெற்ற ஊகம். பெயர்ப்பட்டியலைக் குடியேற்ற வரலாற்றுக்குச் சான்றாக்கிய இம்முயற்சி பெயராய்விற் குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும். எனினும் இதற்குப் பிறிதொரு விளக்கமும் சாத்தியமே. மகனுக்கு ஆண்டையின் பெயரை இடுவதால் அவனுக்கு ஏதேனும் வாய்ப்புக் கிடைக்கலாம். நிலமும் பதவியும் ஆண்வழியே செல்லும் சமூகத்தில் மகளுக்கு அவ்வாறு இடுவதாற் கிடைக்கும் இலாபம் குறைவு. எனவே பெண்பெயர்களிற் காணப்படும் பழமையை வெறும் மரபுப்பற்று என்று கொள்ளாது, சொத்துறவின் விளைவாகவும் நோக்க இடமுண்டு.

எவ்வாறாயினும், 13ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பழைய பெண்பெயர்களிற் பெரும்பாலானவை வழக்கிறந்தன. அலிஸ், அக்னஸ், மற்றில்டா, எம்மா, இசபெல், ஜோன் முதலான ஒருசில பெயர்களையே பெருந்தொகையான பெண்கள் தாங்கினர். ஓர் ஊரில் அலிஸ்கள் பலர் இருந்தால், எந்த அலிஸிடம் தண்டம் அறவிடுவது என்ற கேள்வி பண்ணை நீதிமன்றத்தின் எழுத்தருக்கு எழுந்தே தீரும். அடைபெயர் பெருகியமைக்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

3

1086இற் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நூலில் நிலமுடைய பெண்கள் மிகச் சிலரே இடம்பெறுகின்றனர். அவர்கள் குறிப்பிடப்படும் முறையிலுள்ள வேறுபாடுகள் ஊன்றி நோக்கற்பாலன. கேம்பிறிஜ் பகுதியிற் பெருநிலம் வைத்திருந்த ஈட்கிவு 'அழகி' என்னும் அடைபெயராற் சுட்டப்படுகின்றாள். டோர்செற் பகுதியிற் கணிசமான நிலம் வைத்திருந்த இன்னொருத்தி 'கிறிப்பின் மகன் ஹியூவின் மனைவி' என்றே பதியப்பட்டாள். அவளது இயற்பெயரை எழுதவேண்டிய தேவை அங்கு எழவில்லை. நிலம் கணவன் வழியாக வந்தது. எனவே நிலத்தை அடையாளங்காணக் கணவன் பெயர் போதுமாயிற்று.

இதற்கு மறுதலையாக அமைவது யோர்க்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த ஆசா என்பவளது குறிப்பு. கணவன் பேர்னுல்ஃபின் ஆட்சிக்கும் கட்டுப்பாட்டுக்கும் புறம்பாக அவள் தன் நிலத்தை வைத்திருந்தாள். இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலத்திலும் அவன் அதை விற்கவோ கொடுக்கவோ இயலாதிருந்தது. பிரிந்தபோது அவள் தன் நிலம் முழுவதோடும் விலகினாள். நிலம் தனித்திருந்தமையால் அவளது பெயரும் ஏட்டில் தனித்து நின்றது.

தொழிலாற் குறிப்பிடப்படும் பெண்களும் இந்நூலில் உளர். வில்ற்ஷயரிலுள்ள நூக் என்னும் ஊரை வைத்திருந்த லெவியற், அரசனுக்கும் அரசிக்கும் பொன்னிழைப் பின்னல்வேலை செய்துவந்தவள். பக்கிங்ஹாம்ஷயரில் எல்ஃப்கித் என்னும் இளம்பெண், நாட்டதிகாரி கொட்றிக்கின் மகளுக்கு அக்கலையைக் கற்பிக்கும்பொருட்டுச் சிறு நிலமொன்றை அனுபவித்தாள். இவ்விடங்களில் பெண்ணின் உழைப்பே அவள் பதியப்படுவதற்குக் காரணமாயிற்று. எனினும் அது அரண்மனைக்கும் அதிகாரியின் இல்லத்துக்கும் பயன்பட்ட உழைப்பு என்பதை மறத்தலாகாது. அதே ஊர்களிற் களைபிடுங்கிய, பால்கறந்த, நூல்நூற்ற பெண்களுக்கு அந்நூலில் இடமில்லை.

பிந்திய நூற்றாண்டுகளின் இலத்தீன் ஏடுகளிற் பெண் இயற்பெயரை அடுத்து மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: 'ஃபீலியா', 'உக்சோர்', 'றெலிக்டா'. முறையே மகள், மனைவி, விட்டுச்செல்லப்பட்டவள் என்பன அவற்றின் பொருள். கைம்பெண்ணைக் குறிக்கும் மூன்றாவது சொல்லும் கணவனைக் கொண்டே பொருள்பெறுகின்றது. அன்றியும், பேச்சுவழக்கில் மோட் என்றும், சிஸ் என்றும் அழைக்கப்பட்டோர் ஏட்டில் மற்றில்டாவாகவும் சிசிலியாவாகவும் மாற்றப்பட்டனர். அயலார் அவளைக் கூப்பிட்ட பெயர் எது என்பதை இவ்விலத்தீன் திரை மறைத்துவிடுகின்றது. இயற்பெயர் இவ்வாறு மொழிமாற்றப்பட்டபோதும் அடைபெயர் பல சமயங்களில் ஆங்கிலத்திலேயே விடப்பட்டது. மக்களின் வாய்மொழி அந்த இடைவெளிகளினூடாகவே நமக்கு எட்டுகின்றது.

4

தொழில்வழி அடைபெயர்களிற் பெரிதும் விவாதிக்கப்பட்டது '-ஸ்ரர்' என்னும் விகுதியாகும். பழைய ஆங்கிலத்தில் இது பெண்பாற்குரிய விகுதியாகப் பெருவழக்குப் பெற்றிருந்தது. நெய்பவள் வெப்ஸ்ரர், அப்பஞ் சுடுபவள் பாக்ஸ்ரர், ஏல் எனப்படும் மதுவை வடிப்பவள் புறூஸ்ரர், நூற்பவள் ஸ்பின்ஸ்ரர். இவ்விகுதி சில சமயங்களில் தொடக்கத்திலேயே ஆண்களுக்கும் வழங்கியது. மத்திய ஆங்கிலக் காலத்தில், குறிப்பாக வடபகுதியில், அது இருபாற்கும் பொதுவாயிற்று. தொழிற்பெயர் அடியாகப் பிறந்த குடும்பப்பெயர்களை 1935இல் விரிவாகத் தொகுத்த குஸ்ராவ் ஃபிரான்சன், பிரதேச வேறுபாடுகளைக் கவனமாக எடுத்துக்காட்டினார். பின்வந்த றீனியின் அகராதிப்பணியும் இவ்வழியிற் பெரும் பயன் தருவதே.

ஆயினும் இவ்வறிஞர்களின் வினா சொல்லின் பிறப்புடன் நின்றுவிடுகின்றது. ஒரு பதிவேட்டில் 'ஜொஹானா வெப்ஸ்ரர்' என்ற பெயரைக் காணும் நாம் எதனை அறிகின்றோம்? அவள் தானே நெய்பவளாயிருக்கலாம். நெசவாளன் ஒருவனின் மகளாகவோ மனைவியாகவோ இருக்கலாம். நெய்தவர் அவளுடைய பாட்டியாராகவும் இருக்கலாம். விகுதியை எண்ணிப் பெண் தொழிலாளரைக் கணக்கிட முயல்வது இதனால் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். அதேபோல், தொழிற்பெயர் பெறாத பெண்கள் தொழில் செய்யாதவர் என்று கொள்வதும் பொருந்தாது.

பெண்களுக்குத் தொழில்வழி அடைபெயர் அரிதாக அமைந்தமைக்கான காரணத்தை 1363ஆம் ஆண்டுச் சட்டமொன்று விளக்குகின்றது. கைவினைஞர் ஒவ்வொருவரும் ஒரே தொழிலைத் தெரிந்துகொண்டு அதிலேயே நிற்கவேண்டும் என அது விதித்தது. ஆனால் மதுவடிப்போர், அப்பஞ் சுடுவோர், கம்பளி சிக்கெடுப்போர், நூற்போர் முதலான பெண்களுக்கு அது விலக்களித்தது. அவர்கள் முன்போலவே எதனையும் செய்யலாம். இதனைச் சலுகையாகக் கொள்ளுதல் மேலோட்டமான நோக்காகும். ஓர் ஆண் நெசவாளனாகவோ தச்சனாகவோ நின்று, சங்கத்தில் அங்கத்துவம் பெற்று, அத்தொழிலின் பெயராலேயே அறியப்படுகின்றான். காலையில் அப்பஞ் சுட்டு, பகலில் அறுவடைக்குச் சென்று, இரவில் நூல்நூற்கும் பெண்ணுக்கு எத்தொழிலைப் பெயராக்குவது? பல வேலை செய்தமையே அவளுக்கு ஒரு தொழிற்பெயர் இல்லாமற் போனமைக்குக் காரணமாயிற்று.

மதுவடிப்புத் தொழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1996இல் வெளிவந்த ஜூடித் பெனற்றின் ஆய்வு, 1300ஆம் ஆண்டளவிற் பெரும்பாலும் பெண்களின் கையிலிருந்த இத்தொழில் 1600ஆம் ஆண்டளவில் ஆண்களின் கைக்கு மாறியமையை நிறுவுகின்றது. தொடக்கத்தில் அது வீட்டடுப்பில் நடந்த, குறைந்த முதலும் குறைந்த இலாபமும் கொண்ட தொழில். ஏல் விரைவிற் புளித்துவிடும். 1348-49இன் பெருங்கொள்ளைநோய்க்குப் பின்னர் ஒவ்வொருவரும் அருந்தும் அளவு கூடிற்று. தாழ்நாடுகளிலிருந்து வந்த, ஹொப் பூச் சேர்த்த பியர் நீண்டநாள் கெடாதிருந்தமையாற் பேரளவு உற்பத்தி சாத்தியமாயிற்று. முதலும் கடனும் கூலியாளும் தேவைப்பட்ட கட்டத்தில், இவற்றைத் திரட்டும் சட்டநிலை மணமான பெண்ணுக்கு இருக்கவில்லை. இலாபம் பெருகப் பெருகத் தொழில் பெண்ணின் கையிலிருந்து நழுவியது.

ஏல் விற்பனை தொடர்பான தண்டப் பதிவேடுகள் இவ்வரலாற்றுக்கு முக்கிய மூலங்கள். அவற்றிலும் சில பண்ணைகளில் மதுவடித்த மனைவியின் பெயர் எழுதப்பட்டது. வேறு சில பண்ணைகளில் தண்டத்துக்குப் பொறுப்பான கணவனின் பெயரே எழுதப்பட்டது. ஒரே உழைப்பு ஓர் ஊரிற் பெண்ணினதாகவும் இன்னோர் ஊரில் ஆணினதாகவும் தோன்றுகின்றது. ஏட்டின் வழக்கத்தை முதலில் அறியாது எண்ணிக்கையை மாத்திரம் நம்புவோர், கணவரைத் தொழிலாளராகக் கணக்கிட்டுவிடுவர்.

1413ஆம் ஆண்டுச் சட்டமொன்று இப்போக்கினை நாடளாவிய விதியாக இறுக்கிற்று. வழக்குகளிலும் குற்றப்பத்திரங்களிலும் குறிப்பிடப்படுவோரின் தகுதி அல்லது தொழில், வதியும் இடம் ஆகியவற்றையும் எழுதவேண்டும் என அது பணித்தது. ஆண்களுக்கு உழவன், நெசவாளன், வணிகன் என்ற குறிப்புகள் சேர்ந்தன. பெண்களுக்கு இன்னாரின் மனைவி, கைம்பெண், தனித்தவள் என்பனவே பெரும்பாலும் சேர்ந்தன. இவ்வழியிலேயே 'ஸ்பின்ஸ்ரர்' என்ற சொல்லின் கதியும் அமைந்தது. நூற்பவளைக் குறித்த அச்சொல் 17ஆம் நூற்றாண்டளவில் மணமாகாதவளைக் குறிக்கும் சட்டச்சொல்லாக நிலைபெற்றது. இராட்டினத்தின் முன்னிருந்தவளைச் சுட்டிய சொல்லிலிருந்து இராட்டினம் அகன்றது, கணவனில்லாமை எஞ்சியது.

5

1379ஆம் ஆண்டுத் தலைவரிப் பட்டியல்கள் வடபகுதி நிலைமையை அறிய உதவுகின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே தொகையைச் செலுத்த, மணமாகாதவர் தனித்தனியே செலுத்தினர். இதனாற் சில இடங்களில் மனைவி பெயரின்றி 'அவனது மனைவி' என மாத்திரம் நிற்கின்றாள். தனித்த பெண்ணோ முழுப்பெயரோடு தோன்றுகின்றாள். யோர்க்ஷயர்ப் பட்டியல்களில் '-டொஹ்டர்', '-வைஃப்' என முடியும் அடைபெயர்கள் காணப்படுகின்றன. தந்தையின் சுருக்கப்பெயரோடோ தொழிலோடோ 'மகள்' என்னும் சொல்லைச் சேர்த்து ஆக்கப்பட்டவை முன்னவை. '-சன்' என்ற விகுதி ஆண்வழி குடும்பப்பெயராகி இன்றும் பெருவழக்கிலிருக்க, '-டொஹ்டர்' ஆங்கிலக் குடும்பப்பெயராக வேரூன்றவில்லை. பெயரும் நிலத்தைப் போன்று மகன்வழியே கடத்தப்படும் உடைமையாகியபோது, மகளைச் சுட்டிய விகுதிக்கு வாரிசு இல்லாமற் போயிற்று.

எனினும் பெண்வழிப் பெயர்கள் முற்றாக அற்றுவிட்டன என்று கூறவியலாது. எம்மாவிலிருந்து எமற், மற்றில்டாவிலிருந்து டிலற்சன், இசபெல்லிலிருந்து இபற்சன், டயனிசியாவிலிருந்து டைசன், மார்கரற்றிலிருந்து மெக்சன் என்றவாறு தாயின் பெயரடியாகப் பிறந்த குடும்பப்பெயர்கள் பல இன்றும் வழங்குகின்றன. இவற்றைத் தந்தை பெயர் அறியாதோரின் அடையாளமாகக் கருதும் பழைய போக்கொன்று இருந்தது. அது ஆய்வாளர்தம் காலத்து ஒழுக்கக் கோட்பாட்டை மத்தியகாலத்தின்மேல் ஏற்றியதன் விளைவு. தந்தை இறந்தபின் நிலத்தை நடத்திய கைம்பெண்ணின் மக்களும், தாய்வழி நிலம் பெற்றோரும் தாயின் பெயராலேயே அறியப்பட்டிருத்தல் இயல்பு. இங்கும் நிலமே பெயரைத் தீர்மானித்தது.

நோர்தாம்ரன்ஷயரின் பிறிக்ஸ்ரொக் என்னும் ஊரில் ஏறத்தாழ 1297 முதல் 1344 வரை வாழ்ந்த சிசிலியா பெனிஃபாடரின் வாழ்க்கையைப் பண்ணை நீதிமன்ற ஏடுகளைக்கொண்டு பெனற் மீட்டமைத்துள்ளார். 'பெனிஃபாடர்' என்பது காசைக் கட்டிக்காக்கும் கருமியைக் குறிக்கும் ஏளனச்சொல். அக்குடும்பத்தில் அது நிலைத்த பெயராயிருந்தது. இக்குடியானவப் பெண் தன் பெயரிலேயே நிலம் வாங்கினாள், வழக்குகளிலும் தோன்றினாள். அவளை நாம் பிறப்பிலிருந்து இறப்புவரை தொடரக்கூடியதாயிருப்பதற்கு அவள் மணம்புரியாமையும் ஒரு முக்கிய காரணம். அவளது ஊரில் மணமுடித்த பெண்களிற் பலர் பெயர்மாற்றத்தோடு ஏட்டில் நம் பார்வையிலிருந்து நழுவுகின்றனர். எனவே ஆவணங்களிற் துலக்கமாகத் தெரியும் பெண்களைக்கொண்டு எல்லாப் பெண்களின் நிலையையும் மதிப்பிடுதல் அபாயகரமானது.

6

இதுவரை பெயர் பதியப்படாமையை இழப்பாகவே நோக்கினோம். 1381ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இக்கருத்தைத் திருத்திக்கொள்ள வைக்கின்றன. 1377இன் முதற் தலைவரி நபருக்கு நான்கு பென்ஸ். 1381இல் அது பன்னிரண்டு பென்ஸாயிற்று. 1377இல் ஏறத்தாழ 13,55,000 பேர் வரி செலுத்தியதாகப் பதியப்பட, 1381இல் அத்தொகை ஏறத்தாழ 8,96,000ஆகக் குறைந்தது. நான்கே ஆண்டுகளில் மக்கள்தொகை இவ்வளவு வீழ்ந்திருத்தல் இயலாது. பட்டியல்களிற் காணாமற்போனோருட் பெருந்தொகையினர் மணமாகாத பெண்களும் வீட்டிற் தங்கியிருந்த பெண் உறவினருமாவர். ஊரார் அவர்களை மறைத்தனர் என்பதே பொருந்தும் விளக்கம். எந்த ஏட்டில் இடம்பெறாமை பெண்ணின் தாழ்நிலையைக் காட்டிற்றோ, அதே ஏட்டிலிருந்து அவளது பெயரை விலக்கிவைத்தல் இப்போது குடியானவரின் எதிர்ப்பு முறையாயிற்று. மறைந்தோரைத் தேடி அரசு அனுப்பிய விசாரணையாளரே கிளர்ச்சியின் உடனடிக் காரணமாயினர். இளம்பெண்களின் வயதை அறியும் சாக்கில் வரியதிகாரிகள் அவர்களை மானபங்கப்படுத்தினர் என ஹென்றி நைற்றனின் சரித்திரக்குறிப்பு கூறுகின்றது. அது எவ்வளவுதூரம் மெய்யாயினும், எண்ணப்படுதலைப் பெண்கள் எவ்வளவு அஞ்சினர் என்பதற்கு அக்கதை பரவியமையே சான்று.

கிளர்ச்சியின் தலைவர்களாகச் சரித்திரக்குறிப்புகள் வற் டைலர், ஜோன் போல், ஜக் ஸ்ற்றோ ஆகியோரை நினைவுகூர்ந்தன. நீதிமன்ற ஏடுகளோ வேறு சிலரையும் காட்டுகின்றன. றொச்செஸ்ரர் ஜோன் ஃபெறூரின் மனைவி ஜொஹானா, கென்ற் பகுதிக் கிளர்ச்சியாளருக்குத் தலைவியாக நின்றவள் எனவும், சவோய் அரண்மனை எரிப்பிலும் பேராயரும் அரசின் பிரதம அதிகாரியுமான சைமன் சட்பரியின் கொலையிலும் முன்னின்றவள் எனவும் குற்றஞ்சாட்டப்பட்டாள். படைக்குத் தலைமைதாங்கியவளாகக் குற்றஞ்சாட்டும்போதும் ஏடு அவளை ஒருவனின் மனைவியாகவே அறிமுகஞ்செய்கின்றது. சஃபக் பகுதியிற் தப்பியோடிய பிரதம நீதியரசர் ஜோன் கவண்டிஷ் ஏறவிருந்த ஓடத்தைத் தள்ளிவிட்டவளாகக் கதறின் கேமன் பெயர் பெற்றாள்.

கேம்பிறிஜ் நகரில் பல்கலைக்கழகத்தின் பத்திரங்களும் சாசனங்களும் சந்தைவெளியில் எரிக்கப்பட்டபோது, சாம்பலை அள்ளிக் காற்றில் வீசி, ஏடறிந்தோரின் கல்வியை ஒழிக என ஆர்ப்பரித்த முதியவள் மார்ஜெரி ஸ்ரார். அறிவின்மையின் வெறியாட்டமாகப் பல்கலைக்கழகத்தார் இதனைக் கருதுவது எளிது. ஆனால் அவளுக்கு எழுத்து என்பது கடனாகவும் தண்டமாகவும் உரிமைமறுப்பாகவுமே அறிமுகமாகியிருந்தது. ஏட்டை எரித்ததன் பொருட்டே அவளது பெயர் ஏட்டில் ஏறியது என்பது, ஆவணத்தை நடுநிலையான சான்றாகக் கொள்ளும் நம்மனோர் சிந்தனைக்குரியது.

7

அக்கால இலக்கியமும் இப்பெயரீட்டு முறைகளை நன்கறிந்திருந்தது. லாங்லண்டின் 'பியர்ஸ் உழவன்' நூலிற் பேராசை என்பானின் மனைவி றோஸ், சில்லறை வியாபாரத்தைக் குறிக்கும் அடைபெயரைத் தாங்கியவள், நெய்பவள், மதுவடிப்பவள். அவள் கூலிக்கு நூல்நூற்கும் பெண்களைக் கள்ள நிறையால் ஏமாற்றுகின்றாள். அப்பெண்கள் 'ஸ்பின்ஸ்ரர்' என்னும் சொல்லின் பன்மையாற் குறிக்கப்படுகின்றனர், அவர்களுக்குப் பெயரில்லை. பெண்களிடையேயும் சுரண்டுவோரும் சுரண்டப்படுவோரும் உளர் என்பதை இப்பகுதி எவ்வித மயக்கமுமின்றிக் காட்டுகின்றது. அதேவேளை, பெண்ணின் வாணிபத்தை மோசடியோடு இணைத்தே காணும் ஒழுக்கவாத நோக்கும் இதிற் செயற்படுகின்றது. அதே நூலின் மதுக்கடைக் காட்சியில் மதுவடிக்கும் பெற்றன், செருப்புத் தைக்கும் சிஸ், கொக் ஒழுங்கையின் கிளாறிஸ் ஆகியோர் தோன்றுகின்றனர். தொழிலாலும் தெருவாலும் பெண்கள் அறியப்பட்ட நகர வழக்கு இங்கு உயிர்ப்புடன் ஒலிக்கின்றது.

சோசரின் யாத்திரிகர்களுள் ஆலைக்காரன், வணிகன், உழவன், சமையற்காரன் முதலியோர் தொழிலாற் பெயர்பெறுகின்றனர். துணிநெசவிற் பெல்ஜிய நகரங்களையும் விஞ்சியவளாகக் கவிஞரே கூறும் அலிசன், 'பாத் நகர் வைஃப்' ஆகின்றாள். 'வைஃப்' என்ற சொல் அக்காலத்திற் பெண் என்ற பொதுப்பொருளையும் உடையதே. எனினும் ஐந்து கணவரைப் பற்றிய அவளது நீண்ட முன்னுரை, மனைவி என்ற பொருளை முன்தள்ளுகின்றது. அவளது தறி பின்னணிக்குச் சென்றுவிடுகின்றது.

மார்ஜெரி கெம்ப் தன் நூலிற் தன்னைப் பெரும்பாலும் 'இச்சிருட்டி' என்றே குறிக்கின்றாள். இது சமயப் பணிவு. ஆனால் அதிகாரிகள் யாரென்று வினவும்போது, லின் நகரில் ஐந்துமுறை நகரத்தலைவராயிருந்தவரின் மகள் எனவும், அந்நகரத்து மதிப்புள்ள ஒருவரின் மனைவி எனவும் விடைபகர்கின்றாள். நகரின் பெரிய மதுவடிப்பாளருள் ஒருத்தியாகச் சில ஆண்டுகள் தான் தொழில் நடத்தியதையும் அவள் கூறுகின்றாள். ஆயினும் நெருக்கடி நேர்ந்த வேளையில் தன் தொழிலை அவள் அடையாளமாகக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அது அவளைக் காத்திராது. தந்தையின் பதவியும் கணவனின் குடியுரிமையுமே அதிகாரத்தின்முன் செல்லுபடியான நாணயங்கள் என்பதை அவள் நன்கு உணர்ந்திருந்தாள்.

8

இச்சான்றுகளைக்கொண்டு ஆய்வாளர்தம் நிலைப்பாடுகளை மதிப்பிடுதல் வேண்டும். மத்தியகாலத்தில் ஆண்-பெண்ணிடையே ஓரளவு கரடுமுரடான சமத்துவம் நிலவியதென எய்லின் பவர் கருதினார். முதலாளித்துவம் பெண்ணின் உற்பத்திப் பங்கினைச் சிதைத்தது என்பது அலிஸ் கிளார்க் 1919இல் வெளியிட்ட நூலின் சாரம். மார்க்சிய வரலாற்றாசிரியர் ரொட்னி ஹில்ற்றன், 1975இல் வெளிவந்த தமது நூலில் கிராமப் பெண்களுக்கெனத் தனி அத்தியாயம் ஒதுக்கினார். குடியானவப் பெண்கள் தம் வர்க்கத்துள் பெற்றிருந்த சுதந்திரம், உயர்குடிப் பெண்கள் தம் வர்க்கத்துள் பெற்றதிலும் கூடியது என்பது அவரது கணிப்பு. பெண்களை வரலாற்றின் ஓரத்திலிருந்து நிலமானிய உற்பத்தியின் நடுவே கொணர்ந்தமை அவர் செய்த அரும்பணி.

எனினும் நிலமானிய உற்பத்தியின் அடிப்படை அலகு குடியானவக் குடும்பம் என்று கூறி அமையும்போது ஒரு கேள்வி எஞ்சுகின்றது. குடும்பத்தை ஓரலகாகக் கொண்டது யார்? வாரத்தையும் வரியையும் ஒரே தலைவனிடம் அறவிட விரும்பிய ஆண்டையும் அரசுமே அவ்வாறு கொண்டனர். 'அவனது மனைவி' என்று எழுதிய எழுத்தர் அத்தேவையையே நிறைவேற்றினார். குடும்பத்துள் நிகழ்ந்த உழைப்புப் பிரிவினையையும் அதன் பலனை யார் நுகர்ந்தார் என்பதையும் ஆராயாது விடும் மார்க்சிய ஆய்வு, தன்னையறியாமலே அவ்வெழுத்தரின் கண்கொண்டு பார்க்கின்றது. மறுபுறம், பெண்ணின் தாழ்நிலை எல்லா மாற்றங்களினூடும் தொடர்ந்தது என வலியுறுத்தும் பெனற், தொழில்கள் கைமாறியபோதும் அந்நிலை ஏன் மாறவில்லை என்பதைச் சரியாகவே வினவுகின்றார். ஆயினும் தொடர்ச்சிக்கு அழுத்தங் கொடுக்கும்போது, அத்தொடர்ச்சி ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வெச் சொத்துறவுகளாற் புதிதாகக் கட்டமைக்கப்பட்டது என்பது மங்கிவிடக்கூடாது. 1363, 1413ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவ்வாறான இரு கட்டங்கள்.

பெண்பெயர்களை ஆராய்வோர் மூன்று வினாக்களை எப்பொழுதும் சேர்த்தே எழுப்புதல் நன்று. சொல் எங்கிருந்து வந்தது என்பது முதலாவது. அதனை ஏட்டில் எழுதியவர் எதனை அறவிட எழுதினார் என்பது இரண்டாவது. எழுதப்படாது விடப்பட்டோர் யாவர், அவர்களை விட்டவர் எழுத்தரா, அவர்களின் அயலாரா என்பது மூன்றாவது. முதலாவது வினாவுக்குச் சொல்லாராய்ச்சி தந்த விடைகள் மிகப் பயனுள்ளவை. மற்றைய இரண்டுக்கும் விடைகாண, அவ்விடைகளை நிலக்கணக்கோடும் தண்டப்பட்டியலோடும் வழக்கேட்டோடும் ஒப்புநோக்கும் உழைப்பு வேண்டும். தலைவரிப் பட்டியல்கள் மூன்று தொகுதிகளாகக் கரோலின் ஃபென்விக்கினாற் பதிப்பிக்கப்பட்டு 1998க்கும் 2005க்கும் இடையில் வெளிவந்தமை இவ்வுழைப்பை இலகுவாக்கியுள்ளது. அவற்றிலே தந்தை பெயரோடும் கணவன் பெயரோடும் ஒட்டிநிற்கும் ஆயிரக்கணக்கான பெண்களைத் தொழில் செய்தோராக மீளப் படிக்கும் பணி பெரும்பாலும் இன்னும் செய்யப்படவேண்டியதாகவே உள்ளது.